யார் என்ன செய்தார்?

நன்றி சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. எந்தக் கூட்டமானாலும் கடைசியில் நன்றியுரை என்று ஒன்று உண்டு. பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மைக்கைப் பிடிப்பார். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், மண்டபம் கொடுத்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர், கடைசியாகப் பொறுமையுடன் அமர்ந்திருந்த நாம் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். டில்லியானாலும் சரி, திண்டுக்கல்லானாலும் சரி, வரிசை மாறாது. பிஎச்.டி. ஆய்வேடுகளின் முதல் பக்கமும் இந்த ரகம்தான். வழிகாட்டியின் மேலான ஆலோசனை, துறைத் தலைவரின் இடையறாத ஊக்கம், பெற்றோரின் ஆசி, மனைவியின் பொறுமை. எல்லோருக்கும் நன்றி சொல்லியாகிவிடும். யார் என்ன செய்தார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

இதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்கும் தோன்றியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் அண்ணன் மகள் போன் செய்யும்வரை.

"அத்தை, ஒரு சந்தேகம். ஒருத்தர் எங்களுக்கு உதவினார்னு எழுதினா போதாதாம். என்ன வேலை செஞ்சார், எங்க வேலை எங்கே முடியுது, அவர் வேலை எங்கே ஆரம்பிக்குதுன்னு எழுதணுமாம். எழுதலேன்னா பதக்கமே கிடையாதாம்."

அவள் அப்போது வட இந்திய நகரம் ஒன்றில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் கொண்ட மாணவர் அணி. ஐ-ஜெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசப் போட்டிக்காக எட்டு மாதமாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியெல்லாம் முடிந்துவிட்டது. நன்றி சொல்லும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு சிறிய வகுப்பாகத் தொடங்கியது இது. அடுத்த ஆண்டு ஐந்து கல்லூரிகள் சேர்ந்து போட்டியாக நடத்தின. 2005-ல் 13 அணிகள். இன்று உலகெங்குமிருந்து 300-க்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. 2012-லிருந்து எம்.ஐ.டி.யை விட்டுப் பிரிந்து தனி அமைப்பாக இயங்குகிறது. பல ஆண்டுகள் பாஸ்டனில் நடந்த இறுதி விழா 2022-லிருந்து பாரிசில் நடக்கிறது. முதலிடம் பெறும் அணிக்குக் கோப்பை கிடையாது. அலுமினியத்தில் செய்த ஒரு பெரிய பொம்மைச் செங்கல்தான்.

செங்கல்லுக்குக் காரணம் உண்டு. இதை ஆரம்பித்த டாம் நைட், ட்ரூ எண்டி, ராண்டி ரெட்பர்க் ஆகியோர் எஞ்சினியர் புத்தி உள்ளவர்கள். ரேடியோ செய்ய வேண்டுமானால் லாமிங்டன் ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ போய் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் என்று பொறுக்கி வந்து பற்றவைக்கிறோம். உயிரணுவுக்கும் அப்படி உதிரிபாகங்கள் இருந்தால் என்ன? மரபணுவை இயங்கவைக்கும் சுவிட்ச் ஒரு துண்டு, புரதம் தயாரிக்கச் சொல்லும் துண்டு ஒன்று, போதும் நிறுத்து என்னும் துண்டு ஒன்று. எல்லாவற்றின் முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்து, நம்பர் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். செயற்கை உயிரியல் என்பதை இந்த மாணவர்கள் பழகுவது இப்படித்தான். அந்தப் பதிவேட்டிலும் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அதை வடிவமைத்தவர் பெயர் உண்டு.

நம் நாடு இதில் சீக்கிரமே நுழைந்துவிட்டது. 2006-ல் பெங்களூரிலிருந்து தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தின் அணி போனது. 2008-ல் சென்னை ஐ.ஐ.டி. 2009-ல் போன பெங்களூர் அணிதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் விஞ்ஞான மாணவர்களே அல்ல, சிருஷ்டி கலைக் கல்லூரியில் ஓவியமும் வடிவமைப்பும் படித்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கும் மரபணுவைக் கொடுத்து, முதல் மழையின் மண்வாசனையை வரவழைக்க முயன்றார்கள். (கன்னோஜ் அத்தர்காரர்கள் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி, சந்தன எண்ணெயில் இதே வாசனையைப் பலகாலமாகப் பிடித்து வருகிறார்கள். அதற்கு யார் பெயரும் பதிவேட்டில் இல்லை.)

இனி பதக்க விஷயம். இந்தப் போட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பது ஒலிம்பிக் மாதிரி முதல் மூவருக்கு அல்ல. நம் பரீட்சையில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதைப் போல, நிபந்தனைகளை நிறைவேற்றிய எல்லா அணிக்கும் உண்டு. வெண்கலத்துக்கே உள்ள அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, இந்த வேலையில் மாணவர்கள் செய்தது எது, மற்றவர்கள் செய்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது. பொறுப்புப் பேராசிரியர், பயிற்சி தந்தவர், ஆலோசனை சொன்னவர், பணம் கொடுத்தவர், மரபணுத் துண்டை இலவசமாக அனுப்பிய கம்பெனி, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தந்த நண்பர், யாரும் விட்டுப்போகக் கூடாது.

காரணம் எளிது. ஒரு கல்லூரியில் பேராசிரியர் பத்து வருஷமாகச் செய்துவரும் ஆராய்ச்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் வருவார்கள். இன்னொரு கல்லூரியில் பிரிட்ஜ் கூட இரவல் வாங்கி, எல்லாவற்றையும் தாங்களே செய்திருப்பார்கள். மேடையில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். நடுவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா?

சரி, இதில் என்ன கஷ்டம், உள்ளதை எழுத வேண்டியதுதானே என்றேன்.

"நீங்க சுலபமா சொல்றீங்க அத்தை" என்றாள்.

அவர்கள் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டிருந்தார்கள். பெயர், பொறுப்பு, செய்த வேலை. முதல் இரண்டும் பத்து நிமிஷத்தில் நிரம்பிவிட்டன. மூன்றாவதில் வந்து நின்றது வண்டி.

முதல் சங்கடம் ஒரு மூத்த பேராசிரியர். அணிக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டு முறை வராந்தாவில் எதிர்ப்பட்டபோது "என்ன, எப்படிப் போகிறது?" என்று கேட்டதுண்டு. அணி வெளிநாடு போகப்போகிறது என்று தெரிந்ததும், வழிகாட்டிகள் பட்டியலில் தன் பெயர் இருக்க வேண்டும், அதுவும் மேலே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் அவர் கையெழுத்தில்தான் போக வேண்டும். மறுக்க முடியுமா? பழைய பாணி நன்றியுரையாக இருந்தால் பிரச்னையே இல்லை. 'மேலான வழிகாட்டுதல்' என்று ஒரு மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். மூன்றாவது பத்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு பையன் கண்டுபிடித்தான். அவர் பெயருக்கு எதிரே 'துறைக் கட்டடத்தை இரவு எட்டு மணிக்கு மேல் பயன்படுத்த அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்' என்று எழுதினார்கள். உண்மை. முழு உண்மை. அவர் படித்தாரா என்று தெரியவில்லை. கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இரண்டாவது ஆள், அணியின் பொறுப்புப் பேராசிரியர். இவர் ஆய்வுக்கூடத்தில் காலே வைப்பதில்லை, கையெழுத்துப் போடுவதோடு சரி என்று பிள்ளைகளுக்கு ஒரு குறை இருந்தது. அவர் செய்ததை வரிசையாக எழுத உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது. என்சைம் வாங்க மூன்று கம்பெனியிடம் விலை கேட்டு, கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிய பைலை நாலு தடவை மறுபடி அனுப்பியவர் அவர். வெளிநாட்டிலிருந்து ஐஸ் வைத்து வந்த தெர்மோகோல் பெட்டி கஸ்டம்ஸில் நின்றுபோனபோது, அது உருகுமுன் எடுத்துவர நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர். பதிவுக் கட்டணமே சில ஆயிரம் டாலர். இந்திய அணிகள் பலவும் மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறையிடமோ, கம்பெனிகளிடமோ, முன்னாள் மாணவர்களிடமோ கையேந்தித்தான் போகின்றன. இந்த அணிக்காக முன்னாள் மாணவர்கள் இருபது பேருக்குத் தன் கைப்பட எழுதியவரும் அவரே. சோதனைக்குழாய் பிடித்தால்தான் வேலை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, பைலைத் தள்ளுவதும் ஒரு வேலை என்று எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சங்கடம்தான் உண்மையில் கடினமானது. இதற்காகத்தான் அவள் எனக்கு போன் செய்தாள்.

அவர்கள் செய்தது, தண்ணீரில் நச்சு உலோகம் இருந்தால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியா. ரொம்பப் புதிய யோசனை என்று சொல்ல மாட்டேன். 2006-லேயே எடின்பரோ அணி ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க இந்த வழியில் போயிருக்கிறது. தாங்கள் அதைப் படித்துத்தான் ஆரம்பித்தோம் என்று இவர்களும் எழுதியிருந்தார்கள். மூன்று துண்டுகளை ஒரு வளையத்தில் சேர்க்க வேண்டும். நாலு தடவை முயன்று நாலும் தோல்வி. நாள் நெருங்கிவிட்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு பெண், எல்லோருக்கும் தீதி, ஒரு ராத்திரி தானே உட்கார்ந்து செய்து முடித்துவிட்டாள். காலையில் தட்டில் பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்தது. அந்தப் புகைப்படம்தான் அவர்கள் போஸ்டரின் நடுவில்.

இதை எழுதுவதா, வேண்டாமா? எழுதினால் அணியின் மிக முக்கியமான சோதனை மாணவர்கள் செய்ததல்ல என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் கேட்பாரில்லை. தீதியே வேண்டாம் என்றாள். "நான் என்ன போட்டிக்கா வரப்போகிறேன்? நீங்களே செய்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றாளாம். நல்ல மனசு. அந்த நல்ல மனசின் மேல்தான் எத்தனையோ பேர் சவாரி செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஒளிரும் பச்சை என்றதும் எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. அந்தப் பச்சைப் புரதம் ஒரு ஜெல்லி மீனிலிருந்து வந்தது. இன்று உலகில் அதைப் பயன்படுத்தாத உயிரியல் கூடம் இல்லை. அதற்காக 2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் என்ற மூவருக்கு ரசாயன நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டவர் இந்த மூவரும் அல்ல. டக்ளஸ் பிராஷர் என்ற அமெரிக்கர். ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்துபோய், இனி தன்னால் தொடர முடியாது என்று தெரிந்தபோது, மரபணுவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. கேட்ட சால்ஃபிக்கும் சியெனுக்கும் அனுப்பிவைத்தார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அலபாமாவில் ஒரு கார் கம்பெனி டீலரிடம் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இது வழக்கமான வஞ்சகக் கதை அல்ல. சால்ஃபியும் சியெனும் 1994-ல் வெளியிட்ட கட்டுரைகளில் பிராஷர் பெயரையும் ஆசிரியராகப் போட்டிருந்தார்கள். பரிசு வாங்கப் போகும்போது தங்கள் செலவில் ஸ்டாக்ஹோம் அழைத்துப் போனார்கள். பின்னால் சியென் தன் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தார். பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான் நமக்கு இன்று கதை தெரிகிறது. மூன்று பேருக்கு மேல் பரிசு கிடையாது என்ற நோபல் விதிக்கு நியாயம் தெரியாது, காகிதத்துக்குத் தெரிந்திருந்தது.

சால்ஃபி வீட்டிலும் இதே விவகாரம் நடந்திருக்கிறது. அவர் மனைவி டல் ஹேசல்ரிக்கும் விஞ்ஞானி. இன்னும் வெளியிடாத தன் சோதனை முடிவை கணவர் கட்டுரையில் குறிப்பிட அனுமதி கேட்டபோது எழுத்தில் நிபந்தனை போட்டார்: சனிக்கிழமை காலை காப்பி போட வேண்டும், விசேஷமாக ஒரு விருந்து சமைக்க வேண்டும், ராத்திரி குப்பைக்கூடையை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சால்ஃபி அந்தச் சீட்டை நோபல் சொற்பொழிவிலேயே காட்டினார். இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "தீதிக்கு நாங்க காப்பி போடறோம்" என்றாள்.

ராத்திரி இரண்டு மணிவரை அணியில் சண்டை. ஒருவன் அழுதே விட்டானாம். கடைசியில் எழுதினார்கள்: 'மூன்று துண்டுகளையும் முதன்முதலில் சேர்த்தது ஆராய்ச்சி மாணவி. நாங்கள் நாலு முறை முயன்று தோற்றோம். அவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து நாங்களாகவே ஒரு முறை செய்து பார்த்தோம், வந்தது. போஸ்டரில் உள்ள படம் அவர் செய்ததன் படம்.' அணிக்கு வெள்ளி கிடைத்தது. தங்கம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு வேறு நிபந்தனைகள் காரணம், இது அல்ல என்கிறாள். நானும் நம்புகிறேன்.

இத்தனைக்கும் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது நாலாவது ஆளைத்தான். அதற்கு முன் அன்றைய கல்கத்தாவுக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

1907-ல் நிதித்துறை அதிகாரியாக அங்கே போன சி.வி. ராமன், பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசுதோஷ் டே. ஆசு பாபு. அங்கே உதவியாளர். காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. அடுத்த இருபத்தைந்து ஆண்டு ராமனின் சோதனைகளுக்குக் கருவி அமைத்துக் கொடுத்தவர் அவர். ராமன் தன் கட்டுரைகள் பலவற்றில் அவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஆசு பாபு தனி ஆசிரியராகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சியில் கே.எஸ். கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் ராமனின் பெருந்தன்மையைச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதவைத் திறந்துவிட்டவரைக் கட்டுரை ஆசிரியராக்கிய ராமனும் அதே ராமன்தான். அப்புறம் நூறு வருஷத்தில் நம் ஆய்வுக்கூடங்களில் எத்தனை அட்டெண்டர்கள் பெயர் அச்சில் வந்திருக்கிறது?

அவளுடைய ஆய்வுக்கூடத்திலும் ஓர் அட்டெண்டர் உண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் 'பையா' என்பார்கள். பாக்டீரியாவுக்குப் போடும் தீனியை ஆட்டோகிளேவ் என்ற ராட்சத பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் வேகவைத்து, வேறு கிருமி எதுவும் இல்லாமல் எடுத்துத் தருவது அவர் வேலை. அதில் தப்பினால் எட்டு மாத உழைப்பும் பூஞ்சை. கண்ணாடிச் சாமான் கழுவுவதும் அவர்தான். மே மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தபோது, மைனஸ் 80 டிகிரி பிரீசரின் பிளக்கைப் பக்கத்துக் கட்டடத்து லைனில் மாற்றிப் போட்டு, இவர்களுடைய பாக்டீரியாவையெல்லாம் காப்பாற்றியவரும் அவரே. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும்.

பட்டியல் முடிந்து, எல்லோரும் எழுந்திருக்கும்போது யாரோ "பையாவைப் போடலையே" என்றார்கள். போடுவதென்று உடனே முடிவாயிற்று. மூன்றாவது பத்தி சிரமமே இல்லாமல் நிரம்பிவிட்டது. முதல் பத்தியில் பேனா நின்றது. பெயர்?

பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காலையில் இவள்தான் கேட்கப் போனாள். ரொம்ப வெட்கமாக இருந்தது என்றாள். அவர் சொன்னார். இவள் எழுதிக்கொண்டாள். (அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தக் கல்லூரி என்று தெரிந்து, அந்த மூத்த பேராசிரியரும் தெரிந்துவிடுவார். என் நேர்மை அவ்வளவுதான்.) தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். தாள் இங்கிலீஷில் இருந்ததால் இவள் இந்தியில் சொன்னாள்: ஊடகங்களைக் கிருமி நீக்கம் செய்ய உதவினார், மின்தடையின்போது மாதிரிகளைப் பாதுகாக்க உதவினார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தாராம். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் கண்டவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "உதவி இல்லையே, பேட்டீ. அந்த ராத்திரி நீங்கள் யாரும் அங்கே இல்லை. நான்தானே செய்தேன்?"

இவள் 'உதவினார்' என்பதை அடித்துவிட்டு 'செய்தார்' என்று எழுதினாள். பிறகு அங்கேயே நின்று, தாளை மேலிருந்து ஒரு தடவை படித்துக்கொண்டு வந்து, இன்னும் நாலு இடங்களில் அந்தச் சொல்லை அடித்தாள்.